கார்டு வந்தது, யாரும் கூப்பிடவில்லை

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வியாழக்கிழமை காலையில் நான் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். கோயிலிலிருந்து கொண்டுவந்த பெரிய அண்டாக்கள் வாசலில் கவிழ்த்தபடியே கிடந்தன. ஆட்கள் வந்து பந்தல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குள் ஒரு கோழி மட்டும் வீட்டுக்காரியைப் போல உலாத்திக்கொண்டிருந்தது.

கல்யாணம் என் நாத்தனாருக்கு. என்னைவிட வயதில் மூத்தவள்தான், ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை அண்ணி என்றே கூப்பிடுவாள். தகப்பனார் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். தாயார், அதாவது என் மாமியார், முந்தைய வருடம்தான் காலமானார். வீட்டில் மிச்சம் நாங்கள் மூன்றே பேர்: என் கணவர், அவள், நான்.

மாப்பிள்ளை வீடு பக்கத்து ஊரான கிளேபாங்கில். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நிச்சயத்தின்போது மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா இவளுக்குன்னு யாரு வந்து நிப்பாங்க?" என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊரு காஜா பெராங் முழுக்க வந்து நிக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதைக் கேட்டு என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். இப்போது காஜா பெராங் எங்கள் வேலியைத் தாண்டி, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, தலையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அறைக்குள் உட்கார்ந்து கல்யாணப் புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். ஆள் இல்லாத பந்தலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் நுழைந்தால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

நான் கிள்ளானில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி வாத்தியார் மகள். என் கணவர் மலாக்காச் செட்டி. இவர்கள் கும்பிடுவது மாரியம்மனை, கொண்டாடுவது பொங்கலை, பேசுவதோ மலாய். அவர் கிள்ளான் தபாலாபீசுக்கு மாற்றலாகி வந்தவர், என்னைப் பெண் கேட்பதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டார் என்று என் அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்லுவார். கல்யாணம் கிள்ளானிலேயே நடந்தது. காஜா பெராங்குக்கு நான் வந்தபோது என் கையில் இருந்தது கிள்ளான் சந்தை மலாய் மட்டும். அதை வைத்து மீன் வாங்கலாம், மனிதர்களைச் சம்பாதிக்க முடியாது.

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய் இன்னும் வேலிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. நாடே புதிதாகிவிட்டது, நம் வீட்டுக் கல்யாணம் மட்டும் பழைய மாதிரியா என்று எனக்கு ஒரு துள்ளல். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு அச்சுக்கடையில் தங்க விளிம்பு போட்ட கார்டு அடிக்கக் கொடுத்தேன். தமிழில் அழகான வாசகம், கீழே மலாயில் நாளும் நேரமும். என் கணவர் ஒவ்வொரு உறையிலும் தபால்தலையை நேராக ஒட்டி, பக்கத்து வீடு உட்பட எல்லாருக்கும் தபாலில் சேர்த்தார். தபாலாபீஸ்காரர் வீட்டுக் கல்யாணம் அல்லவா!

வெங்காயத்தை விட்டு எழுந்து வேலியோரம் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவை இங்கே காக்கா என்பார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவள் என்னைத் தங்கச்சி என்ற பொருளில் அடெக் என்பாள். நாங்கள் பேசியதெல்லாம் மலாய்தான். அவர்கள் மலாயின் ருசி என் எழுத்துக்கு வராது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"காக்கா, ஞாயித்துக்கிழம கல்யாணம். நீங்க வரலயா?"

"யாரும் கூப்பிடலயே அடெக்."

"கார்டு அனுப்பினேனே! வரலயா?"

"வந்துச்சு, வந்துச்சு. ரொம்ப அழகா இருக்கு. அலமாரி மேல நிக்க வச்சிருக்கேன்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "ஆனா யாரும் கூப்பிடல."

எனக்குத் தலை சுற்றியது. அவளே இரக்கப்பட்டு விளக்கினாள். இங்கே கூப்பிடுவது என்றால் நடந்து வரவேண்டும். வீட்டின் பெரிய பெண்பிள்ளை கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் கட்டி, வெற்றிலைப் பெட்டியோடு வாசலில் நின்று சொல்லவேண்டும். அந்த வீட்டுப் பெண் ஓர் இலையை எடுத்தால்தான் அழைப்பு. மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊரை வலமாகச் சுற்றவேண்டும். ஒரு வீட்டையும் விடக்கூடாது, நடுவில் திரும்பக்கூடாது. வெறும் தாள் வந்தால் என்ன அர்த்தம்? "கல்யாணம் இருக்கு, நீ வராட்டியும் பரவால்ல" என்று அர்த்தம்.

"எங்க வீட்டுல பெரிய பொம்பள யாரு?" என்று கேட்டேன்.

"நீதான் லா" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கணவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், இவருக்குத் தெரியாதா? சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"கல்யாணம் வந்தா அம்மா சாயங்காலத்துல எங்கயோ நடந்துட்டு வருவாங்க. கால் வலிக்குதுன்னு எண்ணெய் தேய்ப்பாங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

ஆண்பிள்ளைகளின் கண்ணுக்குக் கால்வலி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கார்டு என் தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குத் தயார். பிறந்தவருக்கே தெரியாததை வாழ வந்தவள் எப்படித் தெரிந்துகொள்வது?

என் நாத்தனார் தாயாரின் கெபாயாவை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். கிராம்பு வாசம் அடித்தது. நான் அதுவரை புடவையைத் தவிர வேறு கட்டியதில்லை. புடவையில் போனால் விருந்தாளியைப் போல நாற்காலி போடுவார்கள், கெபாயாவில் போனால்தான் இந்த வீட்டின் வாய் நான் என்று நம்புவார்கள் என்றாள். முன்பக்கம் ஊசிகளைக் கோத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணி, யாராவது கோவமாப் பேசினா நீங்க பதில் பேசிடாதீங்க."

"நான் எப்போ பேசினேன்?"

அவள் பித்தளை வெற்றிலைப் பெட்டியை என் கையில் வைத்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. "நம்ம வீட்டுக்கு யாரும் வராமப் போயிட்டா, நான் கல்யாணமே வேணாம்னு சொல்லிடுவேன்" என்றாள். அவள் அழவில்லை. 

வெயில் தாழ்ந்ததும் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கினேன். சாரோங்கில் எட்டி நடக்க முடியாது. எனக்கோ பிறந்ததிலிருந்து எட்டு வைத்தே பழக்கம். கோயில் மதிலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை தடுக்கினேன். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் வண்டியையே நிறுத்தி எனக்கு வழிவிட்டார். அவர் முகத்தில் இருந்தது மரியாதையா பயமா என்று தெரியவில்லை.

முதல் வீடு என் பக்கத்து வீட்டுக்காரியுடையது. காலையில் வேலியோரம் எனக்கு எல்லாம் சொன்னவள், இப்போது தலை வாரி, பூ வைத்து, என்னை முன்பின் பார்த்திராதவளைப் போல வாசலில் நின்றாள். "வாங்க. என்ன விசேஷம்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க வந்து நின்னு நடத்திக் கொடுக்கணும்" என்று பெட்டியை நீட்டினேன். அவள் இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எங்கள் இருவருக்குமே சிரிப்பு போய்விட்டது.

உள்ளே அலமாரி மேல் என் தங்க விளிம்புக் கார்டு நின்றுகொண்டு என்னையே பார்த்தது. எனக்கு அதைச் சகிக்க முடியவில்லை. நேராகப் போய் எடுத்தேன்.

"இது தெரியாம வந்துடுச்சு. நான் எடுத்துட்டுப் போறேன்."

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கையைத் தட்டிச் சிரித்து, "இரு, நானும் வர்றேன். அடுத்த வீட்டுலயும் இதையே சொல்லு, நான் பாக்கணும்" என்று செருப்பை மாட்டினாள். இலை கொடுத்துக் கார்டை வாங்கும் வழக்கம் இப்படித்தான் உண்டாயிற்று. அது எந்த முன்னோர் வகுத்ததும் அல்ல, என் எரிச்சல் வகுத்தது.

வீடுகள் எல்லாம் பலகை வீடுகள். நிலைப்படி மேல் மாவிலைத் தோரணம் காய்ந்து கிடக்கும், உள்ளே சாமி விளக்கு எரியும். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரவேண்டும், கொடுத்ததைக் குடிக்கவேண்டும். முதலில் ரோஜா நிற சிராப் சர்பத், அடுத்த வீட்டில் கருங்காப்பி, அதற்கடுத்த வீட்டில் இளநீர், பிறகு மறுபடி சிராப். ஊசிகள் குத்திய கெபாயாவுக்குள் என் வயிறு பானையாகிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் கார்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் குழந்தை அதன் விளிம்பைத் தின்றுவிட்டிருந்தது. எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

முச்சந்தியில் மளிகைக்கடைச் சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, கல்லாவிலிருந்து கூப்பிட்டார். "எனக்கு மட்டும் தாளும் இல்ல, இலையும் இல்லயா? அரிசி மட்டும் என் கடையிலயா?" அவருக்கு நான் கார்டே அனுப்பியிருக்கவில்லை. உடனே பெட்டியை நீட்டினேன். இரண்டு கையாலும் இலையை வாங்கிக்கொண்டு, "உங்க மாமியாரும் இங்க நின்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். வயல் பக்கம் திரும்பும் வளைவில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி நான் வாயைத் திறக்கும் முன்பே இலையை எடுத்துவிட்டு, தன் மருமகளிடம் திரும்பி, "பாத்துக்கோ, இப்படித்தான் கூப்பிடணும்" என்றார். எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது. சாரோங்கில் நடப்பதும் அதற்குள் கைவந்துவிட்டது.

ஆனால் எல்லா வீட்டிலும் இலையை எடுத்த கையோடு ஒரே கேள்வி கேட்டார்கள்: "மாமி வர்றாங்களா?"

மாமி என்பது அந்த ஊரின் சமையல் தலைவி. தமிழிலிருந்து அவர்களிடம் தங்கிவிட்ட சொற்களில் அதுவும் ஒன்று, ஊருக்கே அவர் மாமிதான். காஜா பெராங்கில் அவர் அடுப்பைப் பற்றவைக்காமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. அவர் வந்தால் எல்லாரும் கத்தியும் பலகையுமாக வருவார்கள். அவர் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சமைக்க ஆள் இருக்காது. வலமாகச் சுற்றினால் அவர் வீடுதான் கடைசி, வயல் ஓரத்தில்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது என் பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி, கார்டு திரும்பிப் போகும் வேடிக்கையைப் பார்க்கச் சேர்ந்துகொண்டாள். மாமி வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். எழுந்திருக்கவில்லை.

நான் பெட்டியை நீட்டினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் கை முறத்தைவிட்டு நகரவில்லை.

"எனக்குத்தான் ஏற்கனவே தாள் வந்துடுச்சே" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் மாமியார் கடைசியாச் சாப்பிட்ட கஞ்சி நான் வச்சுக் கொடுத்தது. அந்த வீட்டுலேருந்து எனக்குத் தபால்காரன் வர்றான்."

 என் கண் நிறைந்துவிட்டது. நாத்தனார் பதில் பேசாதே என்று சொன்னது நினைவில் இருந்தது. பேசாமல் இருக்க நான் வேறு யாராவதாகப் பிறந்திருக்கவேண்டும்.

"அந்தத் தாளத்தான் வாங்கிட்டுப் போக வந்திருக்கேன் மாமி. அது எங்க? கொடுங்க."

"இல்ல."

"கிழிச்சுட்டீங்களா?"

"ஜாடியக் கட்டிட்டேன்" என்று முகத்தை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். கூடத்து மூலையில் பெரிய மண் ஜாடி ஒன்று இருந்தது. அதன் வாயில் என் தங்க விளிம்புக் கார்டை வைத்து, மேலே துணி போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். துணிக்கு வெளியே ஓரம் மினுங்கியது.

எனக்கு வந்ததே கோபம்! "எத்தன கடை ஏறி இறங்கித் தேடின தாள் அது! அத வச்சு ஊறுகா ஜாடியையா மூடுனீங்க?"

"நல்ல தடிமனான தாளு. ஈ போகாது" என்றார் மாமி. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப அவுத்துக் கொடுங்க. தாள் திரும்பி வராம நான் இலை கொடுக்கறதில்ல. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

"அவுக்க முடியாது. ஞாயித்துக்கிழம வரைக்கும் ஊறணும்."

 ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்? அவ்வளவு பெரிய ஜாடி ஒரு வீட்டுக்கு ஆகாது. அது கல்யாண ஜாடி. கல்யாணத்து அச்சார் சில நாள் ஊறினால்தான் அச்சார் என்பது அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது.

"மாமி, இது யாரு கல்யாணத்துக்கு?"

அவர் முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "ஊறுகா ஊற நாள் வேணாமா? நீ புத்தி வந்து எப்ப வருவேன்னு அது காத்துட்டு இருக்குமா?"

நான் அழுதேன், அதே மூச்சில் சிரித்தேன். மாமி கையைப் புடவைத் தலைப்பில் துடைப்பதுபோலச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசி இலையை இருபுறமும் புரட்டிப் பார்த்து, வாடவில்லை என்று தெரிந்தபிறகு எடுத்தார். "சாரோங்க இவ்ளோ இறக்கிக் கட்டினா விழத்தான் செய்வ" என்று இடுப்பில் என் முடிச்சை ஒரு இழு இழுத்துச் சரிசெய்தார். அவ்வளவுதான். கூடியிருந்த பெண்கள் அங்கேயே யார் யார் தேங்காய் துருவுவது, யார் மீன் கழுவுவது என்று சத்தம்போடத் தொடங்கிவிட்டார்கள்.

நான் வீடு திரும்பியபோது என் நாத்தனார் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். இலை ஒன்றுகூட இல்லை. உள்ளே நிறைய கார்டுகள். அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் கெபாயா ஊசி இருவரையும் குத்தியது.

வெள்ளிக்கிழமை விடியும்போது வெட்டுப் பலகைகளின் சத்தத்தில்தான் கண் விழித்தேன். ஒரு பலகை அல்ல, பந்தல் முழுக்கப் பலகை. என் ஒற்றை மூட்டை வெங்காயம் நான் பல் விளக்கி வருவதற்குள் காணாமல் போயிருந்தது. ஆண்கள் அண்டாக்களை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றினார்கள். மாமி எல்லாரையும் திட்டினார், என்னை அதிகமாகத் திட்டினார். அந்தத் திட்டை நான் மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன். என் கணவர் விறகு சுமந்துகொண்டே, "பாத்தியா, நான் சொன்னேன்ல, காஜா பெராங் முழுக்க வரும்னு" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளேபாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். பந்தலில் இடமில்லை, வேலிக்கு வெளியே ரோடுவரை கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வருவதற்கே, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். தவுக்கே கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணவறைக்குப் போகும் வழியில் என் நாத்தனார் ஒரு நிமிடம் நின்று தலையை நிமிர்த்தி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். மணப்பெண் அப்படிப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "இத்தன பேரா?" என்றார். "இன்னும் சில பேரு சமையக்கட்டுல இருக்காங்க" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன சுகம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பந்தி முடிந்து, பெண்கள் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது மாமி காலி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அச்சார் துளிகூட மிச்சமில்லை. மடியிலிருந்து என் கார்டை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் போட்டார். மஞ்சள் எண்ணெய் ஊறி, தங்க விளிம்பெல்லாம் போயிருந்தது.

"இந்தா உன் தாளு. ஞாயித்துக்கிழம வரைக்கும்தான்னு சொன்னேன்ல. இதுல என்னதான் எழுதியிருக்கு? படி, கேப்போம்."

எச்சில் கையோடு எழுந்து நின்று தமிழில் உரக்கப் படித்தேன். "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, எங்கள் இல்லத் திருமணத்தை நடத்திக் கொடுத்து, மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்." பந்தல் நிறைய இருந்த பெண்கள் தமிழ் புரியாமலே கேட்டார்கள். பிறகு மலாயில் சொன்னேன்.  பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பந்தலே சிரித்தது.

"இதையேதான் நீ வீடு வீடா வந்து சொன்ன!" என்றார் மாமி. "பின்ன எதுக்கு இந்தத் தாளு?"

கார்டை என் கையிலிருந்து வாங்கி, கழுவின ஜாடியின் வாயில் மறுபடி வைத்துக் கயிற்றால் கட்டினார். அடுத்த கல்யாணத்து அச்சாருக்கும் அதுதான் மூடி என்றார். அது அப்படியே ஆயிற்று. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் கார்டு அடிக்கவில்லை. கோயிலில் தொடங்கி வயல் ஓரம்வரை நான்தான் நடந்தேன். வந்து, மாமியாரைப் போலவே, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வேன்.